ரெண்டு ஆறு அஞ்சு

மெர்வின் கோவாச் ஓஹையோவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். அங்கே யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அவருக்கு நாக்கு அரிக்கும். "உண்மையைச் சொன்னா..." என்று ஆரம்பிப்பார். தக்காளி பழவகை. வௌவாலுக்குக் கண் நன்றாகவே தெரியும். கேட்டவர்கள் காப்பிக் கோப்பையோடு நழுவிவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற அன்று கேக்கின் மேல் கிரீமாலேயே "உண்மையைச் சொன்னா" என்று எழுதி வைத்திருந்தார்கள். மேலாளர் அவர் குரலிலேயே பேசிக் காட்ட, கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மெர்வினும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து, இனிமேல் யாரையும் திருத்துவதில்லை என்று முடிவு செய்தார். அத்தனை வருஷம் பழகியவர்களுக்கு அவரிடம் கிடைத்தது அந்த ஒரு கேலிதானா என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஒவ்வொரு அக்டோபரிலும் விண்வெளிக்கதைப் பிரியர்கள் ஒரு ஓட்டலில் மூன்று நாள் கூடுவார்கள். சனிக்கிழமை மத்தியானம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பழைய மெட்டுகளுக்குத் தங்கள் கிறுக்குகளையே வரிகளாக்கிப் பாடுவார்கள். பாட்டில் தப்பு வந்தால் கண்டுபிடித்தவர் கத்த வேண்டும், பாடுபவர் முதலிலிருந்து பாட வேண்டும். இருபது வருஷமாக முதலில் கத்துகிறவர் மெர்வின்தான்.

இந்த வருஷம் காலைச் சாப்பாட்டில் ஒரு புது ஆள், "அங்க போய்ச் சேர நாலு ஒளியாண்டு காலம் ஆகும்" என்றார். ஒளியாண்டு தூரக் கணக்கு. மெர்வின் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தார்.

எதிரே இருந்த லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், கிட்டார்க்காரி. அவளுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

துருவித் துருவிக் கேட்டு கேக் கதையை வாங்கிவிட்டாள். ஒரு காகிதத்தோடு எழுந்து போனாள்.

மத்தியானம் வட்டத்தில் அவள் கிட்டாரை மீட்டி முதல் வரியைப் பாடினாள்.

"உண்மையைச் சொன்னா... உண்மையைச் சொன்னா..."

மெர்வினுக்கு முகம் செத்துப்போனது. இங்கேயுமா? கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது.

"சாத்துக்குடி மாதிரி ஒரு பழச்சாறு குடிச்சேன்,
சேராது மாத்திரைக்குன்னு பிடுங்கி வச்சான்,
டாக்டரே ஆமான்னு தலையாட்டினாரு,
நான் இன்னிக்கும் இருக்கேன், இருந்து பாடுறேன்!"

எப்போதோ ஒரு காலைச் சாப்பாட்டில் அவள் கோப்பையைப் பிடுங்கி வைத்ததை அவர் மறந்தே போயிருந்தார். அவள் மறக்கவில்லை. கோட்டோடு அப்படியே நின்றார்.

"வட்டத்துக்கும் விட்டத்துக்கும் வழக்கு வந்தா
தீர்ப்பு என்ன, எங்க ஊர் நீதிபதியே?
மூணு புள்ளி ஒண்ணு நாலு, ஒண்ணு அஞ்சு ஒன்பது,
ரெண்டு அஞ்சு ஆறு..."

கிட்டார் நின்றது. யாரும் கத்தவில்லை. நாற்பது பேர். அந்த 'பை' (π) எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்கள். ஒருத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். ஒரு தாடிக்காரர் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார். எல்லோருடைய கண்ணும் மெர்வின் மேல்தான்.

அவர்கள் தனக்காகத்தான் வாயை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தொண்டையைச் செருமினார்.

"உண்மையைச் சொன்னா..." குரல் உடைந்தது. "ரெண்டு ஆறு அஞ்சு."

கூடம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

"அப்பாடா! இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா என் உசிரே போயிருக்கும்!" என்றாள் வாயைப் பொத்தியிருந்தவள்.

"உன்னை விட்டா எங்களுக்கு யாருய்யா இருக்கா?" என்றாள் லோர்னா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மெர்வின் கோட்டை நாற்காலியில் போட்டு உட்கார்ந்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்தார். வேறு ஒன்று வந்துவிட்டது.

"அந்தப் பழம் சாத்துக்குடி மாதிரி இல்ல லோர்னா. பம்பளிமாஸ் வகை."

"அப்ப முதல்லேர்ந்து பாடணும்!" என்று கத்தினார்கள் நாற்பது பேரும்.