அச்சுவேலியில் வளையாமல் நின்ற முழங்கால் ஆணி

என் பள்ளித் தோழி சுகந்தி அச்சுவேலியில் உலோகத்தூள் பட்டறை வைத்திருக்கிறாள். "இந்தமுறை உடையாது எண்டு நினைக்கிறன், வந்து பார்" என்று அவள் கூப்பிட்டதால்தான் மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இந்தப் பயணம்.

சுன்னாகம் ரயில் நிலையத்தில் காலை 8.10க்கு செல்வராசா அண்ணையின் ஓட்டோவில் ஏறினேன். ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடம், 900 ரூபாய். அண்ணைக்கு வெங்காயத் தோட்டமும் உண்டு. இடது கால் செயற்கைக்கால்.

"முழங்கால் ஆணி மண்ணிலை தேஞ்சுபோகும். போனமுறை பாத்தியிலை நிக்கேக்கை அது வளைஞ்சு நான் விழுந்தன்" என்றார். செயற்கைக்காலின் முழங்கால் மடியும் இடத்தில் ஊடே போகும் ஆணி அது. சுகந்தி செய்துகொண்டிருந்தது அவருக்கான ஆணிதான்.

டைட்டேனியம் பாரமில்லாதது, துருப்பிடிக்காது. ஆனால் உராய்ந்தால் தேயும். அதனால் அதன் தூளோடு போரைட்டு என்ற கடினமான போரன் சேர்மத்தின் தூள் கொஞ்சம் கலந்து, அச்சில் அழுத்தி, காற்று நீக்கிய உலையில் சுடுகிறாள். உள்ளே ஊசி ஊசியாகக் கடினமான படிகங்கள் வளர்ந்து உலோகத்தைத் தாங்குகின்றன. முதலில் போரைட்டைக் கூட்டிப் போட்டதில் அது கட்டிபட்டு, ஆணிகள் பிஸ்கற் மாதிரி உடைந்தன. இம்முறை அதைக் குறைத்து, மொலிப்டினம் என்ற உலோகத்தையும் சேர்த்து, தூளை இரண்டு நாள் உருளையில் உருட்டிக் கலந்திருந்தாள்.

பட்டறைக்குள் அண்ணையும் என்னோடு வந்து நின்றார். பாரம் ஏற்றிச் சோதிக்கும் அழுத்தப் பொறியில் முதலில் சாதாரண டைட்டேனிய ஆணி வளைந்தது. பிறகு புதியதை வைத்தாள். முதல் ஆணி வளைந்த அளவைப் பாரம் தாண்டியபோது சுகந்தி கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் தங்கச்சி நிப்பாட்டினனீ?"

"பயமாக் கிடக்கு அண்ணை."

"உடைஞ்சால் எங்கடை கண்ணுக்கு முன்னாலை உடையட்டும். ஏத்து."

ஏற்றினாள். ஆணி அசையவில்லை. வெளியே எடுத்து மேசையில் உருட்டினாள், நேராக ஓடியது. அவள் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கும்தான்.

"இப்ப காலிலை பூட்டலாமோ?" அண்ணை கேட்டார்.

"இல்லை அண்ணை. தேய்மானம் பாக்கவேணும். மூண்டு மாசம்."

"ஓம், பாத்துச் செய். அவசரமில்லை."

வெளிநாட்டில்தான் முடியும் என்று நானே நினைத்திருந்த வேலை இது. என் கண்முன்னே அச்சுவேலியில் நடந்தது.

போக விரும்புவோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஞாயிறு பூட்டு. தீப்பெட்டி கொண்டுபோகாதீர்கள், டைட்டேனியத் தூள் எளிதில் பற்றும். உள்ளே போனதும் சாளரத்தோரத் தட்டில் கிடக்கும் நாற்பத்தொரு உடைந்த ஆணிகளை முதலில் பாருங்கள். சுகந்தி ஒன்றைக்கூட எறியவில்லை.