வாசலில் பட்டறை மண்

உத்தமபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை ஒட்டி ஒரு லாரிப் பட்டறை இருந்தது. பழைய பேட்டரிகளையும் அங்கேயே உடைத்துப் பிரிப்பார்கள். சாரல் பிடித்துவிட்டால் தெருவில் எல்லார் வாசலும் சேறுதான். அதனால் மழைக்கு முன்பே பட்டறைத் தரையைச் சுரண்டிய கறுப்பு மண்ணைக் கேட்டு வாங்கி, வாசலில் கொட்டி மிதித்துவிடுவார்கள். கழிவு ஆயில் ஊறிய மண் என்பதால் சேறாகாது, புல் முளைக்காது, கரையானும் அண்டாது. அந்த வருடம் என் கணவரும் கொண்டுவந்து போட்டார். வழுக்காமல் நடக்க முடிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு காலையில் மகளின் வாயைத் துடைத்தேன். துணியில் கறுப்பாக ஒட்டியது. நாக்கிலும் கறுப்பு. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. மண் தின்னாத பிள்ளை உண்டா என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு கல்லூரியில் படித்த வேதியியல் நினைவுக்கு வந்தது. பேட்டரித் தகடு காரீயம். அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இவள் இன்னும் சரியாகப் பேசவில்லையே, இதனால்தானா? நேற்றுச் சோறு வேண்டாமென்று தள்ளினாளே? இல்லை, நானாக எதையாவது கட்டிப் பார்க்கிறேனா?

“பிள்ள மண்ணத் திங்குது, நீ பயத்தத் திங்கிற” என்று கணவர் சிரித்தார்.

பட்டறைக்காரர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஏத்தா, நான் இந்த மண்ணுலதான் கெடக்கேன். கல்லு கணக்கா இல்ல?”

“நீங்க மண்ணத் திங்கலயேண்ணே” என்றேன்.

“கை கழுவாமத்தான் சோறு திங்கேன். அப்ப மண்ணயுந்தான் திங்கேன்!”

இருவரும் சிரித்தார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

உள்ளூர் டாக்டர் பூச்சி மருந்து எழுதினார். நான் விடாமல் கேட்டதால் மதுரைக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவள் தூங்கினால் பயம், அழுதால் பயம்.

“ரத்தத்துல காரீயம் கூடுதலா இருக்கும்மா” என்றார் மதுரை டாக்டர். “என்ன பாதிப்புன்னு இப்பச் சொல்ல முடியாது. அந்த மண்ணுகிட்ட விடாதீங்க. சத்தாக் குடுங்க. திரும்பப் பாப்போம்.”

வீட்டுக்கு வந்ததும் கணவர் மண்வெட்டியை எடுத்தார். தூசி பறக்காமலிருக்க நான் தண்ணீர் தெளித்தேன். வெட்டிய மண்ணை உரச்சாக்குகளில் கட்டிச் சுவரோரம் வைத்தோம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வாய்க்காலில் கொட்டினால் வயலுக்குப் போகும். பட்டறைக்கே கொடுத்தால் அடுத்த வீட்டுக்குப் போகும்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். நிறைமாதம்.

“அக்கா, மண்ணு வேணாம்னா எனக்குக் குடுங்க. நான் வழுக்கி விழுந்துருவேன்னு இவுக பயப்படுறாக.”

சாக்கை மறைத்து நின்றுகொண்டு, மகளின் ரத்தத்தில் இருந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அப்ப, போன வருசம் எங்க வாசல்ல போட்டது?”

அவளுடைய மூத்த மகள் அந்த வாசலில் உட்கார்ந்து, சொப்பில் மண்ணைப் போட்டுச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். தெருவைக் கடந்து அந்தப் பிள்ளையிடம் ஓடினேன்.