அளந்த புல்: ஹட்டனுக்கு இரண்டு பயணங்கள்

இந்த ஆண்டு பெப்ரவரியில் இரண்டு முறை ஹட்டனுக்குப் போனேன். இரண்டும் வேலைப் பயணங்கள். மலைநாட்டு நகரங்களில் மக்கள் உட்காரவும் நடக்கவும் பிள்ளைகளை விளையாட விடவும் எவ்வளவு பசுமைவெளி இருக்கிறது, அது எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதித் தர வேண்டும். கொழும்பில் நடக்கும் ஒரு சிறு ஆய்வுத் திட்டத்துக்காக. நான் புவியியல் படித்தவள், டயகம தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான ஒரு லயத்தில் பிறந்தவள். இந்த வேலைக்கு இரண்டுமே தகுதி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதே மாதிரி வேலையாக வருகிறவர்களுக்கும், சும்மா நடந்து பார்க்க வருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். நேரம், செலவு, தூரம் எல்லாம் சொல்கிறேன். நான் போன தேயிலைத் தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

கண்டியிலிருந்து காலை 6.15 பஸ். சாதாரண பஸ், 290 ரூபாய், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். நாவலப்பிட்டி தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கை பிடியுங்கள். கினிகத்தேனையில் பத்து நிமிடம் நின்றது, ஒரு பிளேன்டீ குடித்தேன். 9.05க்கு ஹட்டன். குளிர் இல்லை. ஒரு ஸ்வெட்டரைச் சுமந்து திரிந்ததுதான் மிச்சம்.

பையில் எட்டுப் பக்கப் படிவம். கூடவே வானிலிருந்து எடுத்த ஒரு படம். படத்தில் ஹட்டன் ஒரு சின்னச் சாம்பல் கீறல். சுற்றிலும் பச்சை. படத்தின் கீழே ஒரு வரி: பசுமைப் பரப்பு மிக அதிகம்.

எல்லாம் தேயிலை. தேயிலைக்குள் உட்கார முடியாது. இடுப்பளவு செடி, இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு வழி. மருந்து அடித்திருக்கும். அட்டை இருக்கும். வேலை இல்லாமல் உள்ளே நின்றால், மலைக்குப் பொறுப்பான கண்டாக்கு வந்து பெயர் கேட்பார். பச்சைக்குள் பிறந்து வளர்ந்தவள் நான். பச்சையில் உட்கார்ந்ததாக நினைவில்லை.

நகரத்துக்குள் ஒரு மணிநேரத்துக்குக் குறைவாகவே நடந்தேன். அதற்கு மேல் நடக்க இடமில்லை. ஒரு மைதானம், அன்று அதில் வேன்கள் நின்றன. கோயில் முன்றல், சீமெந்து. ரயில் பாதையோரச் சரிவு, அதில் பொலித்தீன் பைகள். மரநிழலும் இருக்கையும் ஒன்றாக இருக்கும் இடத்தைத் தேடினேன். இருக்கை இருந்த இடத்தில் மரமில்லை. மரமிருந்த இடத்தில் ஈரமான குப்பை. படிவத்தில் தொடர்ந்து மூன்று பக்கம் 'இல்லை' என்று எழுதுவது எளிது. கை வலிக்காது.

பஸ் நிலையத்தருகே முச்சக்கரவண்டி பிடித்தேன். ஓட்டுநர் ரவிக்கு என் வயதுதான் இருக்கும்.

"எங்க மிஸ் போகணும்?"

"புல் இருக்கிற இடம் எங்கயாவது இருக்கா? பிள்ளைங்க விளையாடற மாதிரி?"

"புல்லா? மாட்டுக்கா?"

விளக்கினேன். அவர் வண்டியின் கைப்பிடியில் அடித்துச் சிரித்தார். "ஹட்டன்ல புல்லு பாக்கக் கொழும்புல இருந்து ஆள் அனுப்புறாங்களா! எனக்கும் ஒரு ஃபாரம் குடுங்க மிஸ், நானும் பாத்து நிரப்புறேன். எனக்குப் பெற்றோல் காசு மட்டும் போதும்."

கொஞ்ச தூரம் போன பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "ஒரு எடம் இருக்கு. எம்மக அங்கதான் இருக்கா. வாங்க காட்டுறேன்."

2.2 கிலோமீட்டர், 300 ரூபாய். நகர எல்லைக்குள்தான், ஆனால் தோட்டம். வீதியோரமாகவே ஒரு கட்டடம். பலகையில் குழந்தை அபிவிருத்தி நிலையம் என்றிருந்தது. தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிள்ளைக்காம்பரா என்பார்கள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். அதன் பின்னால் புல்.

சமதரை. அந்த மலையில் சமதரை என்பதே ஒரு ஆச்சரியம். குட்டையாக வெட்டிய புல், ஓரத்தில் ஒரு கொய்யா மரம், அதன் கீழே மூன்று கட்டைகள். அப்போது மணி பத்து. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் யோகா அக்கா கதவைத் திறந்துவிட்டார். பத்தொன்பது பிள்ளைகள் புல்லில் கொட்டினார்கள். நடக்கத் தெரியாதவை தவழ்ந்து வந்தன. பக்கத்து மலையிலிருந்து இறங்கிய தாய்மார் செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியைக் கூட அவிழ்க்காமல் கட்டைகளில் அமர்ந்து பால் கொடுத்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் புல்லில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இருபது நிமிடம். பிறகு எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள்.

"இந்தப் புல்லு சும்மா வந்ததில்ல மிஸ்," என்றார் யோகா அக்கா. நாற்பது வயதிருக்கும். "ஒன்பது வருசமா நாந்தான் வெட்டுறேன். காலையில சவர்க்காரத் தண்ணி தெளிச்சு அட்டை பாத்துட்டுத்தான் கதவத் தொறப்பேன்."

"தோட்டத்தில் இதற்கு அனுமதி தந்தார்களா?"

"யாரும் தரவும் இல்ல. யாரும் வேணாமுன்னும் சொல்லல. நான் கேக்கல, அவங்க பாக்கல. அப்படியே கெடக்கு."

என் திட்டத்தைச் சொன்னேன். பட்டியலில் ஏறும் இடங்களுக்கு வேலியும் இரண்டு இருக்கையும் ஓர் ஊஞ்சலும் கிடைக்கலாம். அதைவிட, ஏறிய இடம் பொதுவெளி என்று நகரசபைக்குப் போகும். அவர் முகம் மாறியது. எப்போது வேண்டுமானாலும் பறிபோகக்கூடிய ஒன்றை ஒன்பது வருடம் வெட்டியிருக்கிறார்.

"கடுதாசில ஏறிட்டா அப்புறம் யாரும் கை வைக்க மாட்டாங்கதானே?"

"வைக்க மாட்டாங்க," என்றேன்.

அளந்தோம். நாடாவின் ஒரு முனையை அவரே பிடித்தார். இருபத்திரண்டு மீட்டர் நீளம், பதினாறு மீட்டர் அகலம். கொய்யா மரத்தையும் தண்ணீர்க் குழாயையும் குறித்துப் படம் வரைந்தேன். தரத்துக்கு ஐந்தில் நாலரை. அன்று நான் போட்ட மிக உயர்ந்த புள்ளி. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: நில உரிமையாளரின் ஒப்புதல்.

"ஆபீசுல கேக்கணுமா?" என்றார்.

"கேட்கணும் அக்கா."

"கேக்காம எழுத முடியாதா, தங்கச்சி?" மிஸ் போய்த் தங்கச்சி வந்திருந்தது. அப்போதாவது நான் கவனித்திருக்க வேண்டும். முறைப்படி செய்தால்தான் நிலைக்கும் என்றேன். அவர் மறுக்கவில்லை. படித்த பிள்ளை சொல்கிறது என்று விட்டுவிட்டார்.

டயகமவில் லயத்துக்குப் பின்னால் என் அப்பா லீக்ஸ் போட்ட பாத்தி எவரிடமும் கேட்டுப் போட்டதல்ல. தோட்டத்தில் எதுவும் அப்படித்தான். கோழிக்கூடு, வாசல் சார்ப்பு, துணி காயும் கயிறு. கேட்டால் 'இல்லை' என்று ஒரு பதில் பிறந்துவிடும். கேட்காத வரை பதிலும் இல்லை. இது எனக்குப் பால்குடிக் காலத்திலிருந்தே தெரியும். தெரிந்தும் போனேன்.

தோட்டத்து அலுவலகம் அங்கிருந்து 900 மீட்டர் தூரம், ஏற்றம். நடந்தால் இருபது நிமிடம், மூச்சு வாங்கும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இளைஞர், மரியாதையானவர். தேநீர் தரச் சொன்னார். நான் வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்கச் சமதரையா என்று கேட்டார். ஆம் என்றேன். தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். குழாயைக் காட்டினேன். வீதியோரம்தானே? ஆம். இப்படி ஒரு இடம் இருப்பது தனக்கே தெரியாது என்றார். தலைமை அலுவலகத்தைக் கேட்டு எழுதுவதாகச் சொன்னார். படத்தின் ஒரு பிரதியை வைத்துக்கொண்டார். நான் நன்றி சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

அன்று பின்னேரம் 2.30 பஸ்ஸில் நுவரெலியா. தலவாக்கலை, நானுஓயா வழி, இரண்டேகால் மணிநேரம், 210 ரூபாய். இரவு தங்க ஓர் எளிய அறை 3,500. வெந்நீர் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள், உண்டு என்றால் திறந்து பாருங்கள்.

மறுநாள் காலை நகரத்துப் பூங்கா. உள்ளூர்க்காரருக்கு அன்று நூறு ரூபாய்ச் சீட்டு. வெட்டிய புல், பெயரெழுதிய மரங்கள், ரோஜாப் பாத்திகள், எண்ணினால் முடியாத இருக்கைகள். படிவத்தின் எல்லாக் கட்டங்களும் நிரம்பின. ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். பத்து மணிக்குள் உள்ளே இருந்தவர்கள் பதினொரு பேர், நானும் பாத்தியில் களை பிடுங்கிய நான்கு பெண்களும் சேர்த்து. களை பிடுங்கியவர்களில் ஒருத்தியிடம், வேலை இல்லாத நாளில் பிள்ளைகளோடு வருவீர்களா என்று கேட்டேன்.

"இங்கயா? சீட்டு எடுத்தா?" பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "அடியே, நம்மள ரோசாப்பூ பாக்க வரச் சொல்றாங்கடி." நால்வரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மக்கள் எளிதில் வந்துபோகக்கூடிய இடமா என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

மூன்று வாரம் கழித்துச் சரிபார்க்கப் போனேன். அதே 6.15, அதே 290. ஒப்புதல் கடிதம் வரவில்லை, நேரில் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். பஸ் நிலையத்தில் ரவி நின்றார். புல் பற்றிக் கேலி ஒன்றும் இல்லை. தூரத்திலேயே நிழல்வலை தெரிந்தது.

தேயிலை நாற்றுமேடை. கறுப்புப் பைகள் வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு இலையும் அரை விரல் தண்டும். நாற்றுமேடைக்குச் சமதரை வேண்டும், தண்ணீர் வேண்டும், லொறி வர வீதி வேண்டும். மூன்றையும் நான்தான் வரைந்து கொடுத்திருந்தேன். நிழலுக்கு வலை இருந்ததால் கொய்யா மரம் தேவைப்படவில்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்கும் முதல் வரிசைக்கும் இடையில் முள்வேலி.

யோகா அக்கா வாசலில் நின்றார்.

"வாங்க மிஸ். நல்லா அளந்திருக்கீங்க. ஒரு அடி பெசகல. கயிறு கட்டுறப்ப உங்க தாளத்தான் கையில வச்சிருந்தாங்க."

அக்கா என்று தொடங்கினேன்.

"திட்டலாம்னுதான் இருந்தேன்," என்றார். "வந்து நிக்கிற மூஞ்சியப் பாத்தா திட்டவும் முடியல. டீ குடிக்கிறீங்களா?"

அலுவலகத்துக்கு ஏறினேன். துரை வெளியே போயிருந்தார். தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் கோப்பை மூடிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்களுக்கு அந்த எடம் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? எனக்குத் தெரியும், கண்டாக்குக்குத் தெரியும். ஒன்பது வருசமா நாங்க சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க."

கொழும்புக்கு அன்றே எழுதினேன். நடந்ததைச் சொன்னேன், என் பிழை என்றும் சொன்னேன். பதில் நான்கு நாளில் வந்தது. ஒப்புதல் இல்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்க முடியாது. இடத்தில் இப்போது பயிர் இருப்பதால் பசுமைப் பரப்பில் மாற்றம் இல்லை என்று குறிக்கலாம். சரியான பதில். வானிலிருந்து பார்த்தால் முன்பைவிட அடர்ந்த பச்சை.

நான் அப்படிக் குறிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் நடந்ததை எழுதி அனுப்பினேன். கட்டத்துக்குள் அடங்காததால் அதை நீக்கிவிட்டதாகச் சொன்னார்கள். இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் வந்தாலும் கொய்யா மரம் வராது. அளப்பது தீங்கற்ற வேலை என்று படித்திருந்தேன். யாருடைய கையில் அளவு போய்ச் சேரும் என்பது பாடத்தில் இல்லை.

வருகிறவர்களுக்குச் சில. பெப்ரவரி, மார்ச்சில் வாருங்கள், மழை குறைவு. சவர்க்காரத் துண்டொன்று வைத்திருங்கள், அட்டைக்கு. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இரண்டு நாள் போதும், என் கணக்கில் சாப்பாடு தவிர ஆறாயிரத்துக்குள் முடிந்தது. தோட்டத்துக்குள் புல் திட்டு ஒன்றைக் கண்டால் அதில் இருப்பவர்களிடம் பேசுங்கள், அவர்கள் சம்மதித்தால் உட்காருங்கள். படம் எடுத்து இடத்தைக் குறித்து எங்கும் போடாதீர்கள். மேலே போய் யாரிடமும் கேட்காதீர்கள்.

வாகனத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று. நகரத்தை விட்டு வெளியேறும்போது வீதியோரம் தோட்டத்துக் கட்டடங்கள் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், காலை பத்து மணிக்கு மேல் கட்டாயம் குறையுங்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, வடிகாலை ஒட்டி, மூன்றடி அகலத்தில் ஒரு கான்கரை இருக்கிறது. பத்தொன்பது பிள்ளைகள். ஒரு பெண் வீதிப் பக்கமாகக் கைகளை விரித்துக்கொண்டு நிற்பார்.