நூறு மணி நேரம் ஓடிய பெட்டிகள்

சனிக்கிழமை காலை இருவருமாக ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். அம்மா அளவு டேப்பின் ஒரு முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மகள் மறுமுனையில் குந்தி உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"எவ்வளவு?"

"நாப்பது சென்டிமீட்டர்."

"போன வாரம் முப்பத்தஞ்சுன்னே. இப்படியே போனா ரெண்டும் சமையல்கட்டுல வந்து நிக்கும்."

"சுவரை ஒட்டி இருந்தா அடிச்சத்தம் கும்முன்னு வரும்மா. அதுக்குத்தான்."

"அடிச்சத்தம் கிடக்கட்டும். எனக்கு வலிக்கிறது கீச்சுன்னு வர்ற மேல் சத்தம்." அம்மா நெற்றிப்பொட்டில் விரலால் குத்திக் காட்டினாள்.

சுவர்க் காலண்டரில் பென்சில் கோடுகள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு. அன்று காலை வரை எண்பத்தாறு. ஸ்பீக்கரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கடைக்காரன் நூறு மணி நேரம் கேட்டிருந்தான்.

ஸ்பீக்கர் பெட்டியோடு வந்த, அதன் ஒலி அளவை வரைந்து காட்டும் தாளை அம்மா பத்திரமாக வைத்திருந்தாள். அதை விரித்து நீட்டினாள். "இந்தக் கோட்டைப் பாரு. ஒழுங்காத்தான் போகுது. இந்த இடத்துல மட்டும் ஏன் மேடு?"

மகள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

"புரியாததாலதானே கேக்கிறேன், இன்ஜினீயர் மேடம்."

பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை அம்மா இறந்துவிட்டாள்.

நூல் ஆலையில், கூம்புக் கட்டைகளில் நூல் சுற்றும் கோன் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் அம்மா. அங்கே அவளுக்குக் 'காதுக்காரி' என்று பெயர். அறுபது இயந்திரங்கள் ஒன்றாகக் கத்தும் கூடத்தில், எந்த இயந்திரத்தின் பேரிங் கெடப்போகிறது என்று முதலில் சொல்பவள் அவள்தான். "பதினாலாம் நம்பர் மூக்கடைச்சுக்கிட்டுப் பேசுது" என்பாள். ஃபிட்டர் சிரிப்பார். இரண்டு நாளில் பதினாலாம் நம்பர் நின்றுபோகும். ஃபிட்டர் சிரிப்பதை நிறுத்த நான்கு பேரிங்குகள் தேவைப்பட்டன.

நாற்பத்து நாலாவது வயதில் அந்தக் காதுகள் இரைய ஆரம்பித்தன. ஆலை மருத்துவர் ஒரு தாளில் 'வயது காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"என் பக்கத்து மிஷின்ல நிக்கிற பொண்ணுக்கு இருபத்தாறு. அவளுக்கும் இரையுது. அவளுக்கும் வயசாயிடுச்சா டாக்டர்?"

"அடுத்த ஆளை வரச் சொல்லும்மா" என்றார் மருத்துவர். அவ்வளவுதான் விசாரணை. அந்தத் தாளை அம்மா கடைசிவரை கிழிக்கவில்லை. அலமாரியில் ரேஷன் கார்டுக்குக் கீழே இருந்தது.

அவள் காது எப்படிப்பட்டது என்பதை மகள் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மகள் பம்புத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் மோட்டார்களின் சத்தத்தை அளப்பவள். இப்படிச் சேதமான காது, மெல்லிய கீச்சொலிகளைத் தவறவிடும். அதே ஒலி கொஞ்சம் பலமாக வந்தால் ஊசியாக ஏறும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மகள் பரீட்சையில் அதற்கு விடை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள்.

ஓய்வு பெற்றதும் அம்மா சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயரும் சிடி பிளேயரும் வாங்கினாள். கூடவே வந்த ஸ்பீக்கர்கள் கத்தின. மகள் வந்து பார்த்தாள். காது மேல் சத்தத்தை இழந்திருக்கிறது, ஆகவே மேல் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று முடிவு கட்டி, ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகினாள். அம்மா தேநீர்க் கோப்பையோடு எழுந்து வெளியே போய்விட்டாள்.

"குறைஞ்சதைக் கூட்டுறதுதானேம்மா கணக்கு?"

"கணக்கு சரிதான். காது என்னுது."

அதன் பிறகுதான் கடைகள். மூன்று ஏறி இறங்கினார்கள். மூன்றிலும் ஒரே கூத்து. சத்தத்தை ஏற்றி, தாளத் தட்டின் ஒலி சிதறுகிற இடமாகப் பார்த்துப் போட்டு, "ஒவ்வொண்ணும் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க" என்பார்கள். பத்து நிமிடம் கடையில் நிற்பவரை மயக்கச் செய்த பெட்டிகள் அவை. வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்கப்போகிறவரைப் பற்றி எவருக்கும் கவலையில்லை.

மூன்றாவது கடையில் டை கட்டிய விற்பனையாளன். அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துக் கொடுத்தாள். வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடிய சிடி அது. அரைப் பாட்டு கேட்டுவிட்டு அம்மா கையை உயர்த்தினாள்.

"இந்தம்மா பாடுறப்போ பல்லு தெரியுது, தம்பி. பல்லு தெரியக் கூடாது. வாய்தான் தெரியணும்."

விற்பனையாளன் அம்மாவை விட்டுவிட்டு மகள் பக்கம் குனிந்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, "அம்மாவுக்குக் கொஞ்சம்...?" என்று இழுத்தான்.

"கொஞ்சம் இல்லை, நிறையவே கேக்குது. நீ சொன்னதும் கேட்டுச்சு" என்றாள் அம்மா.

அவன் முகம் சுண்டிப்போனது. அம்மா மூலையைக் காட்டினாள். அங்கே சாம்பல் நிறத்தில், பகட்டில்லாத ஒரு ஜோடி. இவர்கள் உள்ளே நுழைந்தபோது யாருக்காகவோ அவை ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அங்கேயே ஒரு கணம் நின்று கேட்டிருந்தாள்.

"அதை மாட்டிக் காட்டு."

"அது உங்க ஆம்ப்ளிஃபயருக்கு ஒத்துவராதும்மா. பழைய மாடல் வேற. இதுவே போதும். புதுசுங்கிறதால கொஞ்சம் முறுக்கா இருக்கு. நூறு மணி நேரம் ஓடினா மென்மையாயிடும். எடுத்துட்டுப் போங்க, ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. காது பழகிடும்."

"யாரு பழகணும்? பெட்டியா, நானா?"

"ரெண்டும்தாம்மா" என்று சிரித்தான்.

சாம்பல் நிற ஜோடியின் பின்பக்கம் மகளுக்குத் தெரிந்தது. மின்தடை எட்டு ஓம். வீட்டிலிருக்கும் ஆம்ப்ளிஃபயரின் முதுகிலும் எட்டு என்றே எழுதியிருக்கிறது. தாராளமாக ஒத்துவரும். நூறு மணி நேரக் கதையும் வெறும் கதை. புது ஸ்பீக்கர் கொஞ்சம் தளரும், உண்மைதான். அது முதல் நாளே முடிந்துவிடும், அதுவும் அடிச்சத்தத்தில். மேல் சத்தத்தின் ஊசி நூறல்ல, ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் மழுங்காது. இது எல்லாம் மகளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. மணி ஆகிக்கொண்டிருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல நாக்கு கூசுகிறது. குறை அம்மாவின் காதில்தான் என்று அவளும் நம்பினாள்.

அம்மா அவன் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஆலையில் புது இயந்திரத்துக்குச் சோதனை ஓட்டம் விடுவது போல விட்டாள். வலித்ததால் ஒலியை முணுமுணுப்பு அளவுக்கு இறக்கி வைத்தாள். கடைக்குப் போனால் நிறுத்திவிட்டுப் போவாள், வந்ததும் தொடங்குவாள். ஓட்டாத நேரத்துக்குக் கோடு போடவில்லை. அந்த டைக்காரனை ஏமாற்ற நினைத்திருந்தால் முதல் நாளே நூறு கோடு கிழித்திருக்கலாம்.

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூற்றாறாவது கோடு. பிறகு கோடு இல்லை. மூன்று மணிக்கு எதிர்வீட்டு அக்கா பார்த்தபோது அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மாரடைப்பு என்றார்கள். அதற்குப் பின் நடந்த களேபரத்தில் பிளேயரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. சிடி மறுபடியும் மறுபடியும் பாடும்படி அம்மா வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை மகள்தான் அந்த முணுமுணுப்பைக் கவனித்து அணைத்தாள். கணக்குப் பார்த்தாள். நூறு தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது.

பத்து நாள் கழித்து, அம்மா வீட்டில் இருந்த மகளுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. அதே குரல்.

"அந்த ஸ்பீக்கர் விஷயமா... அம்மாவுக்குப் பழகிடுச்சா மேடம்?"

மகள் போனை வைத்துவிட்டாள். சோதனைக்கூடத்துப் பையைத் திறந்து மைக்ரோஃபோனை எடுத்தாள். ஏழு வருடமாக அந்தப் பையில் இருக்கிற மைக்ரோஃபோன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு முறையும் மூடிய பையோடு திரும்பிப்போனது. சாக்பீஸ் கோட்டில் நிற்கும் ஸ்பீக்கருக்கு எதிரே, அம்மாவின் நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் அதைப் பொருத்தி அளந்தாள்.

மடிக்கணினித் திரையில் கோடு ஒழுங்காக வந்தது. மேல் சத்தப் பகுதியில் ஓரிடத்தில் எழும்பியது. அம்மா விரித்துக் காட்டிய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே இடம், அதே மேடு. செய்தவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். விற்றவன் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவள் பார்க்கவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள் சரியாக அங்கே விரலை வைத்துக் கேட்டிருக்கிறாள்.

தாளின் பின்புறம் அம்மாவின் கையெழுத்து, ஆலைப் பதிவேட்டில் எழுதுவது போலக் கட்டம் கட்டி:

'நூறு முடிந்ததும் கடைக்குப் போக வேண்டும். சிடியை மறக்கக் கூடாது. சாம்பல் பெட்டியை மாட்டச் சொல்ல வேண்டும், மாட்டும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். காதில் குறை இல்லை, பெட்டியில்தான் என்று அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும். மகளையும் கூட்டிப் போக வேண்டும். அவளும் கேட்கட்டும்.'