குருத்து ஞாயிற்றுக்கு வந்த கழுதை

எனக்கு அப்போது வாய் அதிகம். திண்டிவனத்தில் டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு, காணைப் பக்கம் எங்கள் காலனிக்குத் திரும்பி, கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. அந்த வருஷம் குருத்து ஞாயிறு பவனி முதல்முறையாக ஊர்த்தெரு வழியாகப் போக அனுமதி கிடைத்திருந்தது. அதில் இயேசுவை நிஜக் கழுதைமேல் ஏற்றியே தீருவது என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

கல்யாணக் குதிரை போதும் என்றார்கள் கமிட்டிக்காரர்கள். விடுவேனா?

"குதிரை சண்டைக்குப் போற ராஜாவுக்குங்க. உங்க ராஜா சாதுவா கழுதைமேல வருவாருன்னு யூதருங்களோட இறைவாக்கினர் எப்பவோ சொல்லிட்டாரு. இயேசு அப்பிடித்தான் எருசலேமுக்குள்ள வந்தாரு. அவருதான் அந்த மெசியான்னு நாம நம்புறமா, இல்லியா?" என்று பொரிந்தேன்.

விழுப்புரத்தில் துணி வெளுக்கும் ஒருவர் கழுதை தர ஒப்புக்கொண்டார். இயேசு வேஷம் என் தம்பிக்கு.

வீட்டில் சொன்னதும் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "எம் புள்ள கழுதை ஏற மாட்டான்."

"இயேசுவே ஏறினாரேப்பா! அவரவிட நாம பெரியவங்களா?" என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் அப்பா ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்துவிட்டாராம். ஊர்க்காரர்கள் பிடித்து, கழுதைமேல் வால் பக்கம் திரும்பி உட்காரவைத்து, தெருக்கோடிவரை ஓட்டிப்போயிருக்கிறார்கள். ஜனமெல்லாம் நின்று சிரித்ததாம்.

மெசியா அவமானப்படுவார், அடிபடுவார், வாய் திறக்கமாட்டார் என்று இன்னொரு இறைவாக்கினர் சொன்னதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமே செய்யவைத்திருந்தேன். வாய் திறக்காத ஒருவர் எங்கள் வீட்டிலேயே அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பங்குச் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினேன். அப்பா வாசலில் மறித்தார்.

"எங்கமே போறே?"

"கழுதை வேணாம்னு சொல்லிட்டு வர்றேன்ப்பா."

"தம்பி ஏறக்கூடாதுன்னுதான் சொன்னேன். நான் ஏறுறேன்."

"நீயா? இந்த வயசுல இயேசுன்னா சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். நேரா உக்காந்துக்கினு போவணும் எனக்கு."

குருத்து ஞாயிறு காலை. இயேசு அங்கியில் அப்பா கழுதைமேல். கயிற்றைப் பிடித்தபடி நான் முன்னால் நடந்தேன். ஊர்த்தெருவில் திரும்பியதும் எங்கள் பாட்டு தேய்ந்துபோனது. இரண்டு பக்கமும் ஆம்பளைகள் கைகட்டி நின்றார்கள். பாதுகாப்புக்குக் கூட வந்த இரண்டு போலீஸ்காரர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கல் எப்போது வரும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று என் முதுகெல்லாம் கூசியது. பாதித் தெருவில் யாரோ கொக்கரித்தார்கள். கழுதை நின்றுவிட்டது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

அப்பா குனிந்தார். கழுதையின் பிடரியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். "ஏம்மே, பயமா இருக்குது. கயித்த உட்றாத."

"உடமாட்டேன்ப்பா."

பின்னால் ஒரு பொம்பளை குரலெடுத்து "ஓசன்னா" என்றாள். இன்னும் நாலு குரல் சேர்ந்தது. கழுதை நகர்ந்தது. கல் வரவில்லை.

தெருக்கோடியில் கயிற்றைக் கட்டிவிட்டு, "இறங்குப்பா, முடிஞ்சிடுச்சி" என்று கை நீட்டினேன். அப்பா இறங்கவில்லை. வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தார். பிடரியைப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

"இன்னொரு வாட்டி போலாம்," என்றார்.