மோட்டாரின் சிவப்புக் கயிறு

போன வாரம் என் மகள் வீட்டுக்குள்ளேயே நடக்கிற மெஷின் ஒன்றை வாங்கி வைத்துவிட்டாள். என் சர்க்கரைக்காகவாம். பாளையங்கோட்டையில் நடக்கத் தெருவா இல்லை? சரி, ஏறி நின்றேன். அவள் ஒரு சிவப்புக் கயிற்றின் கிளிப்பை என் சேலையில் மாட்டி, "நீ விழுந்தா இது பிடுங்கிக்கிட்டு வந்துரும், மெஷின் தானா நின்னுரும்" என்றாள். நான் இறங்கிவிட்டேன். முட்டுவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்தக் கயிறு எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்து ஊரில் என் வீட்டுக்காரரும் என் தம்பி சூசையும் சேர்ந்து ஒரு மீன்பிடி வள்ளம் வைத்திருந்தார்கள். அதன் மோட்டாரைக் கழுவுவது எங்கள் அடுப்படிக்கு வெளியேதான். மீன் குழம்பிலும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்; அதையும் சப்புக்கொட்டித்தான் தின்றோம். மோட்டாரில் ஒரு சிவப்பு சுவிட்சு, அதிலிருந்து சட்டையில் மாட்டிக்கொள்ள இதே மாதிரிக் கயிறு. ஆள் கடலில் விழுந்தால் கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுவிடும். நான் என்ன கன்றுக்குட்டியா என்று கேட்பான் சூசை. நான் விடமாட்டேன், கரையில் நின்று கத்துவேன்.

"ஏலே, கயித்த மாட்டுனியா?"

"மாட்டிட்டேன்க்கா, இங்கன பாரு!"

சட்டையைத் தூக்கிக் காட்டுவான். கரையே சிரிக்கும்.

பிறகு மோட்டாருக்குக் கிறுக்குப் பிடித்தது. அலை உடைகிற இடத்தில் சட்டென்று நின்றுபோகும். வள்ளம் கவிழ்கிற இடம் அது. பிளக்கை மாற்றினார்கள், எண்ணெயை வடிகட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். சுவிட்சிலிருந்து போகிற வயரை உப்பு தின்றிருந்தது. அது இரும்பில் உரசியதும் மோட்டார் செத்துவிடுகிறது.

"இத கழத்தி விட்டுட்டா நிக்கவே நிக்காது. தூத்துக்குடி போவும்போது புது வயரு வாங்கிக்கிடலாம். அதுவரைக்கும் நிறுத்தணும்னா எண்ணெய்க் குழாயப் பிடுங்குலே" என்று சூசையிடம் சொன்னார்.

நான் பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். கயிறு வேலை செய்வது அந்த வயரால்தான் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தோன்றாமல் போனதா, சாளை மீன் நிறையப் பட்ட நேரத்தில் தள்ளிப்போட்டார்களா, இன்றுவரை விளங்கவில்லை. மோட்டார் நிற்காமல் ஓடியது. எனக்கென்னவோ அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு காலையில் சூசை தனியாகப் போனான். கத்திக் கேட்டேன். சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

கொஞ்ச நேரத்தில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் வள்ளம் வட்டம் போட்டது. வலை விடுகிறான் என்று நினைத்தேன். வட்டம் முடியவேயில்லை.

வீட்டுக்காரர் காய்ச்சலோடு வேறொரு வள்ளத்தில் போனார். எங்கள் வள்ளத்துக்குள் தாவியவர் முதலில் அந்தச் சிவப்பு சுவிட்சைத்தான் அமுக்கினாராம். திரும்பத் திரும்ப அமுக்கினாராம், தானே வயரைக் கழற்றியதை மறந்து. கூடப்போனவர் பிறகு சொன்னார். அப்புறம்தான் குழாயைப் பிடுங்கியிருக்கிறார். சத்தம் நின்றது. "சூசே... சூசே..." என்று அவர் கூப்பிட்டது கரைவரை கேட்டது.

மறுநாள் சூசை கரை ஒதுங்கினான். கயிறு சட்டையிலேயே இருந்தது.

வள்ளத்தை விற்றோம், ஊரை விட்டோம், வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கரையில் நின்று கத்திக் கேட்க எனக்கு யாரும் மிச்சமில்லை. நேற்று மகள் மெஷினில் ஏறியபோது அடுப்படியிலிருந்து என்னை அறியாமலே கத்திவிட்டேன்.

"கயித்த மாட்டுனியா?"

"மாட்டிட்டேம்மா, பாரு."

நான் நம்பவில்லை. ஈரக் கையோடு போய்க் கயிற்றைப் பிடுங்கினேன். மெஷின் நின்றது. இப்படித்தான் அதுவும் நின்றிருக்க வேண்டும்.