என் மகளுக்கு நான் வைத்த டார்கெட்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் குவாலிட்டி சூப்பர்வைசர். பேர்தான் பெரிசு, வேலை என்னவோ நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பது. தோலில் கீறலோ தையலில் பிசகோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டும்படி அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஷூவைத் திருப்பி அனுப்புவேன். பதினோரு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் நான் சட்னியைத் தொட்டுப் பார்த்து யோசித்தால், "ஸ்டிக்கர் இருக்குதா, மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பாள் மனைவி.

மகளுக்கு அப்போது இரண்டு வயது இரண்டு மாதம். ஜூனில் சேர்ப்பதற்காக ஒரு ப்ளே ஸ்கூலில் கேட்டபோது, "டயபர் இல்லாம இருக்கப் பழக்கிட்டு கூட்டிட்டு வாங்க சார்" என்றார்கள். மே மாதத்தில் மெஷின் சர்வீசுக்காக கம்பெனியை ஒரு வாரம் மூடுவார்கள். அந்த ஒரு வாரம் போதும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

மனைவி வேலூரில் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் நர்ஸ். எங்கள் வீட்டில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள். அதனால் அவளிடம் கடைசியாகத்தான் சொன்னேன்.

"ரெண்டு மணி நேரம் நனையாம இருக்கறாளா?" என்றாள். "நனைஞ்சா வந்து சொல்றாளா? ஜட்டிய அவளே எறக்கறாளா? இதெல்லாம் வரட்டுங்க. அவசரப்படாதீங்க."

"ஏம்மா, ஒரு லைன் ஃபுல்லா ஷூ எறக்கறவன் நானு. ஒரு புள்ளைய பாத்துக்க மாட்டனா?"

"ஷூ உச்சா போவாது" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். எங்கள் லைனில் மணிக்கு மணி எழுதுகிற அதே போர்டு: நேரம், டார்கெட், அவுட்புட், ரிஜெக்ட். மணிக்கு ஒரு தடவை போனில் அலாரம் அடிக்கும். பாப்பாவை அள்ளிக்கொண்டு ஓடி, புதிதாக வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் கக்கூஸ் நாற்காலியில் உட்கார வைப்பேன். அவள் உட்கார்ந்து காலை ஆட்டுவாள், பாட்டுப் பாடுவாள், எனக்கு முத்தம்கூடக் கொடுப்பாள். எழுந்து வந்த இரண்டாவது நிமிடம் பாயில் போவாள். நான் போர்டில் ரிஜெக்ட் என்று எழுதுவேன். அதோடு விட்டேனா? ஈரமான இடத்தைப் பாப்பா புரிந்துகொள்ள வேண்டுமே என்று, "டேமேஜ்" என்று சொல்லிக் காட்டி, பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பையும் ஒட்டினேன்.

கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் பாய் அம்மா, வாடகை விஷயமாகவோ என்னவோ மேலே வந்தவர், போர்டைப் பார்த்தார். தரையில் இருந்த அம்புகளைப் பார்த்தார். "இன்னா தம்பி, புள்ளைய கம்பெனில சேத்துட்டியா? ஓவர்டைம் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் பாப்பா என் முன்னால் வந்து நின்றாள். சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு. அவளே எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பாப்பா டேமேஜ்" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து சிரிப்பு வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது: "கடைசியா எப்போ கக்கா போனா?"

போர்டைப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக உச்சாவைக் குறித்து வைத்திருந்தேன். கக்கா என்பது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இல்லவே இல்லை. குறை கண்டுபிடிப்பதில் பதினோரு வருட அனுபவம், மூன்று நாள் கட்டம் காலியாக இருந்தது கண்ணில் படவில்லை.

அன்று சாயங்காலம் பாப்பா சுவரோரம் நுனிக்காலில் நின்றாள். இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, முகம் சிவந்து, உடம்பு நடுங்கியது. நாற்காலியை நான் கையில் எடுத்ததும், "வாணாம்ப்பா, வாணாம்ப்பா" என்று அழுதாள். வேலையிலிருந்து வந்த மனைவி பையைக்கூட வைக்காமல் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்குது. அடக்கி வச்சிருக்கா. அடக்குனா இறுகும், இறுகுனா வலிக்கும், வலிக்குதுன்னு இன்னும் அடக்குவா. வார்டுல நான் பாக்காததா?" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

போர்டு இறங்கியது. டயபர் திரும்ப ஏறியது. தண்ணீரும் பப்பாளியும் கொடுப்பது, யாரும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது, நாளை மறுநாள் காலைக்குள் ஆகாவிட்டால் டாக்டர். இதுதான் உத்தரவு. பேசாமல் இருக்கச் சொன்னது எனக்காகத்தான் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

வியாழக்கிழமையும் ஒன்றும் ஆகவில்லை. என் முழங்காலைத் தாண்டி ஒரு சாண் வளர்ந்த ஆள், ஒரு வார்த்தை பேசாமல், கோஷம் போடாமல், நான்கு நாளாக ஸ்டிரைக் செய்கிறது. எங்கள் கம்பெனி யூனியனுக்கே இந்த உறுதி கிடையாது. அந்த உடம்புக்குள் நான் போக முடியாத ஒரு இடம் இருக்கிறது, அங்கே அவள் மட்டும்தான் முதலாளி. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை மனைவி லீவு போட்டிருந்தாள். பத்து மணி வாக்கில் பாப்பா ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. பத்து விரலும் தரையைக் கவ்விப் பிடித்தன. "அம்மா" என்று ஒரு அழுகை. நான் எழுந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவ வேல அது. விடுங்க" என்றாள் மெதுவாக. பிறகு ஒரு முக்கல், ஒரு நீளமான மூச்சு. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. திரையை விலக்கிக்கொண்டு வந்தவளின் நெற்றியெல்லாம் வியர்வை. எங்களைப் பார்த்து, "ஆச்சு" என்றாள். நான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். வெயில் ஜாஸ்தி என்று மனைவியிடம் சொன்னேன்.

ஸ்கூலுக்கு ஜூனில் வரவில்லை என்று சொல்லிவிட்டோம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. சர்ச்சுக்குப் போய் வந்து, நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். கையில் ஒரு மூடி அப்படியே அந்தரத்தில் நின்றது. தலை கொஞ்சம் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. உள்ளுக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மனித உயிர் முதல்முறையாகத் தன் உடம்பு சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதை நான் நேரில் பார்த்தேன். நாற்பது வயதாகியும் பசியா கோபமா என்று எனக்கே பல நாள் புரிவதில்லை.

"அப்பா, வயிறு கூப்டுது" என்றாள்.

வாயைத் திறக்காமல் எழுந்தேன். அவளே நடந்தாள். அவளே ஜட்டியை இறக்கினாள், ஒரு கால் மாட்டிக்கொண்டு தள்ளாடினாலும் என் கையைத் தட்டிவிட்டாள். மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நீ அங்க நில்லு" என்று கதவுக்கு வெளியே கை காட்டினாள். நின்றேன். பெரிய ஆபீசர் ரூமுக்கு வெளியே நிற்பதுபோல நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள். இருவரும் குனிந்து எட்டிப் பார்த்தோம்.

"பாப்பா செஞ்சேன்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

கழுவிவிடலாம் என்று பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருப்பா. பாக்கறேன்."

கையில் மக்கைப் பிடித்தபடி, அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.